எள் விழுதும் குடல் நோயும்

இளைத்தவனுக்கு எள்ளும் கொழுத்தவனுக்குக் கொள்ளும் என்பது நமது நாட்டுப் பழமொழி. உடல் மெலிந்தவர்க்கு எள்ளைப் போன்ற புஷ்டியான ஆகாரம் வேறில்லை என்பதில் வைத்தியர்களுக்கும் குடியானவர்களுக்கும் அபிப்பிராய பேதம் இருந்ததில்லை. ஆயினும் மெலிந்தவர்களிலேயே ஒரு சாரார், எள்ளுத் துவையலோ எள்ளுப்பொடியோ உண்ட மறுநாள் வயிறு உப்பி, குடல் பிசைந்து, மலம் கழிவதில் ஒழுங்கு கெட்டு வருந்துகின்றனர். "எள் நமக்கு ஆகாது" என்று அதனை அடியோடு விலக்கியும் விடுகின்றனர். எள்ளைப் பயிரிடும் குடும்பங்களிலும் இத்தகையோர் உண்டு. குற்றம் எள்ளினுடையதுதானா, அன்றி அடுப்படியிலும் களத்திலும் அதனோடு வந்து சேரும் பிற பொருள்களினுடையதா என்பதை ஆராய்ந்தே விலக்க வேண்டும். ஆராயுமிடத்து, பெரும்பாலும் எள் நிரபராதி என்றே தெரியவரும். களத்திற் சேரும் குற்றமோ விளைவிப்பவரின் கையிலே இருப்பது. ஆதலின் இவ்விஷயம் வைத்தியர்க்கு மட்டுமன்றி நிலமுடையோர்க்கும் உரியதாகின்றது.

நோயின் தன்மை

ஈண்டுக் கூறப்படும் நோயை ஆங்கில வைத்தியர்கள் 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்' என்பர். தமிழில் எரிச்சற்குடல் நோய் எனப் பெயர்த்து வழங்குகின்றனர். இப்பெயரிலுள்ள எரிச்சல் நெருப்புப் பட்டாற் போன்ற காந்தல் அன்று. சிறு காரணத்திற்கும் சினந்துகொள்ளும் மனிதனைப் போலச் சிறு தூண்டுதலுக்கும் குடல் பொறாமல் துடிப்பது என்பதே பொருள். 2016-ஆம் ஆண்டில் வெளியான ரோம் விதிகளின் நான்காம் பதிப்பின்படி, கடந்த மூன்று மாதங்களாக வாரத்திற்கு ஒரு நாளேனும் வயிற்றுவலி இருத்தல் வேண்டும். அவ்வலி மலம் கழித்தலோடு தொடர்புடையதாதல், கழியும் தடவைகள் மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் கூடியதாகக் காணப்பட வேண்டும். நோய் தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்கவும் வேண்டும். சிலருக்கு மலச்சிக்கலும், சிலருக்குப் பேதியும், சிலருக்கு இரண்டும் மாறி மாறியும் வரும். உட்புகுத்திப் பார்க்கும் கருவியால் நோக்கினாலும் குடலிற் புண் யாதும் தென்படாது. அதனாலேயே நோயாளியின் துன்பத்தை வீட்டார் நம்பாமற்போவதும் நிகழ்கின்றது. துன்பம் மெய்யானதே. குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புகளின் வழியாக நடைபெறும் செய்திப் போக்குவரத்து கெட்டிருப்பதே இதற்குக் காரணம் என்று இக்காலத்து நிபுணர்கள் கருதுகின்றனர்.

மலத்தில் இரத்தம் காணுதல், காரணமின்றி உடல் எடை குறைதல், சோகை, காய்ச்சல், உறக்கத்தினின்றும் எழுப்பும் பேதி, ஐம்பது வயதிற்கு மேல் புதிதாகத் தோன்றும் வயிற்றுக் கோளாறு ஆகியவை வேறு கொடிய நோய்களின் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றுள் ஒன்று இருப்பினும் ஆகாரப் பத்தியத்தால் காலம் போக்காது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவ்வாறே, எள் உண்டவுடன் உடலில் தடிப்பு எழும்புதலும், உதடு வீங்குதலும், மூச்சுத் திணறுதலும் குடல் நோயின்பாற்பட்டவை அல்ல. அவை எள்ளின் ஒவ்வாமை. இதற்கு ஆட்பட்டவர்க்குச் சிறிதளவு எள்ளும் உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொடங்கி, பொட்டலங்களில் கட்டாயமாக அறிவிக்கவேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் வரிசையில் எள் ஒன்பதாவதாகச் சேர்க்கப்பட்டதும் இதனாலேயே. இத்தகையோர் எள்ளை முற்றிலும் விலக்கவே வேண்டும். இனிக் கூறப்படுவன அவர்களுக்கு உரியன அல்ல.

எள்ளில் உள்ளவை

எள்ளின் எடையிற் சரிபாதி எண்ணெய். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம். தோலுடன் கூடிய எள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 12 கிராம் நார்ப்பொருளும், 950 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்தும் உண்டு. எளிதிற் புளித்து வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்கள் எள்ளில் சொற்பமே. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகத்தார் இந்நோயாளிகளுக்கென வகுத்த பத்தியத்தில், வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு வகைகள் முதலியவை வாயுவை மிகுவிப்பன என்று விலக்கப்பட்டுள்ளன. மேசைக்கரண்டி அளவான எள்ளும் எள் விழுதுமோ அனுமதிக்கப்பட்ட பொருள்களின் வரிசையில் நிற்கின்றன.

முழு எள் மெல்லப்படாமல் விழுங்கப்படின் பெரும்பகுதி அவ்வாறே கழிந்துவிடும். அரைத்த எள்ளோ தன் எண்ணெய் முழுவதையும் குடலுக்குக் கொடுத்துவிடும். கொழுப்பு மிகுந்த ஆகாரம் இறங்குங்கால் குடலின் உணர்ச்சி கூர்மையடைகிறது. இந்நோயுடையோர்க்கு அவ்வேளையில் வாயுவின் சிறு அழுத்தமும் வலியாகத் தோன்றும். எனவே எள்ளுருண்டையில் ஒன்று தின்றவர் சுகமாயிருப்பதும் நான்கு தின்றவர் இரவெல்லாம் புரளுவதும் வியப்பன்று. இங்குக் குற்றம் அளவினுடையதே.

எள்ளின் கூட்டாளிகள்

மேற்காசிய நாடுகளில் எள் விழுதுக்குத் தஹீனி என்று பெயர். லெபனான், சிரியா, பாலஸ்தீனம், எகிப்து முதலிய தேசங்களில் அது நாள்தோறும் உண்ணப்படுவது. எள்ளை ஊறவைத்துத் தோலைப் பிரித்து, கனத்த உப்புநீரிலிட்டால் பருப்பு மிதக்கும். தோல் அடியில் தங்கும். மிதந்ததை அள்ளிக் கழுவி, வறுத்து, கல் இயந்திரத்தில் அரைப்பது அவர்களுடைய பழைய முறை. அவ்விழுதை வெந்த கொண்டைக்கடலையோடும் பூண்டோடும் எலுமிச்சைச் சாற்றோடும் கலந்தால் ஹும்முஸ் என்னும் பண்டமாகும். ஹும்முஸ் உண்டு வயிறு உப்பிய நோயாளி எள்ளைப் பழிப்பதுண்டு. வாயுவை உண்டாக்கியவை கடலையும் பூண்டுமே.

நமது அடுப்படியிலும் நிலைமை இதுவே. எள்ளு மிளகாய்ப்பொடியில் எள்ளைவிட உளுத்தம்பருப்பும் கடலைப்பருப்பும் மிகுதியாக இருப்பதுண்டு. வற்றல் மிளகாயோ கணக்கின்றிச் சேரும். பருப்புகள் வாயுவையும், மிளகாயின் காரம் உணர்ச்சி மிகுந்த குடலில் வலியையும் விளைவிக்கும். துவையலில் பூண்டும், ஒரோவழி வெங்காயமும் சேர்கின்றன. கடையிற் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் மாவு கலந்திருக்கும். இத்தனை பேர் கூடிச் செய்த குற்றத்திற்கு எள் மட்டும் தண்டனை அடைவது நியாயமன்று.

எள்ளைச் சோதித்துப் பார்க்க விரும்பும் நோயாளி அதனைத் தனியே சோதிக்க வேண்டும். கல்லும் மண்ணும் போக அரித்து உலர்த்திய எள்ளை வெறும் சட்டியில் சிறிது சிறிதாக இட்டு, வெடிப்பு அடங்கி நிறம் ஒரே சீராக மாறும்வரை வறுத்து, ஆறிய பின் உப்பு மட்டும் சேர்த்து வழுவழுப்பாக அரைத்துக்கொள்ளலாம். குழைய வெந்த அரிசிச் சோற்றோடு பகல் ஆகாரத்தில் ஒரு தேக்கரண்டி வீதம் மூன்று நாள் உண்டு, வயிற்றின் நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். துன்பமில்லையாயின் இரண்டு தேக்கரண்டியாகவும், பின்னர் ஒரு மேசைக்கரண்டியாகவும் உயர்த்தலாம். அதற்கு மேற்செல்ல அவசியமில்லை. சோதனை நடக்கும் நாட்களில் வேறு புதிய பண்டம் எதையும் சேர்த்தலாகாது. சேர்த்தால் எதனால் எது விளைந்தது என்று அறியமுடியாமற் போகும். வயலில் உரச் சோதனை செய்பவர் ஒரு பாத்தியில் ஓர் உரத்தை மட்டும் இட்டுப் பார்ப்பது எக்காரணம் பற்றியோ, அதே காரணம் பற்றியே இதுவும்.

மலச்சிக்கல் உடையவர்க்குத் தோலுடன் கூடிய எள் சிறிது நன்மை செய்யலாம். பேதியுடையவர் தோல் நீக்கியதைச் சிறிதளவாக உண்பது நலம். தோல் நீங்கிய எள்ளையும் வெள்ளை எள்ளையும் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர். வெள்ளை எள் என்பது ஒரு ரகம். அதற்கும் தோல் உண்டு. கறுப்பு, சிவப்பு எள்களையும் ஊறவைத்துத் தேய்த்தால் தோல் நீங்கி வெண்மையான பருப்பே கிடைக்கும். ஆனால் தோலை நீக்குபவர் அதனோடு சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதியையும் நீக்கிவிடுகின்றனர் என்பதை மறத்தலாகாது. பால் ஒத்துக்கொள்ளாமல் அதனை விட்டுவிட்ட குடல் நோயாளிகளுக்கு இது சிறிய நஷ்டமன்று. தோலிலுள்ள சுண்ணாம்பு ஆக்ஸாலிக் அமிலத்தோடு பிணைந்திருப்பதால் முழுவதும் உடலிற் சேர்வதில்லை என்பதும் உண்மையே. எனவே எள்ளை மட்டும் நம்பியிராமல் கேழ்வரகையும் முருங்கைக்கீரையையும் வயிறு ஏற்குமளவு சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனத்தார் 2008-ஆம் ஆண்டில் வயிற்று உப்புசத்திற்கு ஆளிவிதையை யோசனை கூறினர். இரண்டும் எண்ணெய் வித்துக்களாதலின் எள்ளுக்கும் அப்புகழைச் சூட்டுவாருண்டு. ஆளியின் வழுவழுப்பான பசைப்பொருள் எள்ளில் அவ்வளவாக இல்லை. எள் இந்நோய்க்கு மருந்தன்று, ஆகாரமே.

களத்திற் சேரும் கேடு

இனி விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பகுதி. எரிச்சற்குடல் நோய் பல காரணங்களால் வருவது; அவற்றுள் ஐயமின்றி நிலைநாட்டப்பட்ட ஒன்று குடலிற் கிருமி புகுந்து உண்டாக்கும் பேதி. பேதி சில நாட்களில் நின்றுவிடும். ஆனால் அவ்வாறு நோயுற்றவர்களிற் பத்தில் ஒருவர் அளவில், கிருமி நீங்கிய பின்னும் குடல் பழைய நிலைக்குத் திரும்பாமல் இந்நோய்க்கு ஆளாகின்றனர். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் கனடா தேசத்து வாக்கர்டன் என்னும் சிற்றூரில் பெருமழை பெய்து, வயலிலிருந்த மாட்டெரு கரைந்து ஊர்க் கிணற்றிற் கலந்தது. ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் பேதியால் வருந்தினர், எழுவர் மாண்டனர். அவ்வூராரைப் பின்னர்த் தொடர்ந்து பரிசோதித்தபோது, பேதி கண்டவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் எரிச்சற்குடல் நோயுடையவராகக் காணப்பட்டனர். பேதி காணாதவர்களில் அந்நோயுடையோர் பத்தில் ஒருவரே.

மாட்டெருவுக்கும் எள்ளுக்கும் என்ன சம்பந்தம் எனக் கேட்கலாம். சால்மொனெல்லா என்னும் கிருமி கால்நடைகள், கோழிகள், பறவைகள், எலிகள், பல்லிகள் ஆகியவற்றின் எச்சத்தில் வாழ்வது. 2001-ஆம் ஆண்டில் துருக்கி தேசத்திலிருந்து சென்ற ஹல்வா என்னும் எள் மிட்டாயால் ஸ்வீடன், நார்வே, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இக்கிருமி நோய் பரவிற்று. 2002, 2003-ஆம் ஆண்டுகளில் எகிப்து, லெபனான் தேசங்களின் எள் விழுதால் ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் மக்கள் நோயுற்றனர். உலர்ந்த எள்ளில் இக்கிருமி பெருகுவதில்லை. ஆயினும் மாதக்கணக்கில் சாவாமல் உறங்கிக்கிடக்கும். ஈரமற்ற, எண்ணெய் மிகுந்த பொருளில் உள்ள கிருமி சூட்டையும் நன்றாகத் தாங்கும். சோறு கொதிநீரில் வேகும்போது மாளுகின்ற கிருமி, அரைகுறையாக வறுத்த எள்ளில் மாளாது.

நமது களங்களைச் சாணமிட்டு மெழுகுவது தொன்றுதொட்ட வழக்கம். புழுதி எழாமலும் வெடிப்பு விழாமலும் காப்பதற்கு அது நல்ல உபாயமே. நெல்லுக்கும் கம்புக்கும் அதனால் அதிக கெடுதியில்லை. உமி நீக்கி, வேகவைத்தன்றி அவற்றை உண்பாரில்லை. எள்ளோ வெறுமனே விழும் விதை. அது காயினின்றும் உதிர்ந்து நேரே தரையைத் தொடுகிறது. தரையினின்றும் அள்ளப்பட்டுச் சில நிமிஷ வறுப்போடு வாய்க்குப் போகிறது. பச்சையாக உண்பாரும் உளர். ஆகையால் எள்ளுக்கு மட்டும் களத்து வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது அவசியமாகிறது. மாற்றம் பெரிதன்று. சிமெண்டுக் களம் இருப்பின் அதனைக் கூட்டி, நீர் விட்டுக் கழுவி, காய்ந்தபின் உபயோகிக்க வேண்டும். இல்லையேல் மெழுகிய களத்தின் மீது சுத்தமான படுதா அல்லது தார்ப்பாய் விரித்துக்கொள்ள வேண்டும். உரமூட்டை கட்டிய சாக்கும், எரு மூடிய தார்ப்பாயும் இதற்கு உதவா.

அறுவடைப் பருவத்தையும் தவறவிடலாகாது. அடி இலைகள் உதிர்ந்து, கீழ்க்காய்கள் மஞ்சள் நிறமடைந்தவுடன், அடியினின்றும் பத்தாவது காயைப் பிளந்து பார்க்க வேண்டும். கறுப்பு ரகமாயின் அதிலுள்ள விதை கறுத்திருந்தால் அறுவடைக்குத் தக்க பக்குவம். இன்னும் நிற்கட்டுமென்று விட்டால் காய் வெடித்து விதை நிலத்திற் சிந்தும். சிந்தியதைப் பெருக்கி அள்ளும்போது மண்ணும் எலிப்புழுக்கையும் கூடவே வரும். இவ்வாறு அள்ளிய எள்ளை உண்ணும் எள்ளோடு ஒருபோதும் கலத்தலாகாது. அறுத்த செடிகளை நுனி உள்ளாகவும் அடி வெளியாகவும் வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோலிட்டு மூன்று நாள் மூடிவைத்துப் பின் உதறினால் முக்காற்பங்கு விதை உதிரும். மறுநாள் வெயிலிற் காயவைத்து உதறினால் எஞ்சியதும் உதிர்ந்துவிடும். போர் மூடும் வைக்கோல் தொழுவத்தில் மாடு மிதித்ததாக இராமல் புதியதாக இருக்கட்டும். பின்னர்த் தூற்றிச் சலித்து மூன்று நாள் வெயிலில், மூன்று மணிக்கு ஒருமுறை கிளறிவிட்டு உலர்த்த வேண்டும். உலர்த்துமிடத்தில் கோழிகளும் ஆடுகளும் புகாதபடி ஓர் ஆளை வைப்பது வீண் செலவன்று. இரவிற் பனி படாமல் குவித்து மூடுவதும் இன்றியமையாதது. நனைந்த எள்ளிலேதான் கிருமி பெருகும். களஞ்சியத்தில் மூட்டைகளைத் தரையில் வையாது மரச்சட்டங்களின்மேல் அடுக்கி, எலி புகாமற் காக்க வேண்டும்.

புகையினால் வந்த இழிவு

களத்திற் சேர்ந்த அசுத்தத்தைப் பின்னர் மருந்துப் புகையால் போக்கிவிடலாமெனச் சில ஏற்றுமதி வியாபாரிகள் எண்ணினர். அதன் பயனை நாடே அனுபவித்தது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெல்ஜியம் தேசத்து அதிகாரிகள், இந்தியாவிலிருந்து சென்ற எள்ளில் எதிலீன் ஆக்ஸைடு என்னும் வாயுவின் எச்சத்தைக் கண்டுபிடித்தனர். கிருமிகளைக் கொல்லும் அவ்வாயு புற்றுநோயை விளைவிப்பதாகலின், ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப்பொருளுக்கு அதனைப் பயன்படுத்துதல் கூடாது. எள்ளில் அதன் எச்சத்துக்கு அங்கு வகுத்த வரம்பு கிலோவிற்கு 0.05 மில்லிகிராம். பிடிபட்ட சில சரக்குகளில் அவ்வரம்பினும் ஆயிரம் மடங்குக்கு மேல் இருந்தது. ரொட்டிகள், பிஸ்கோத்துகள், எள் விழுது என எள் சேர்ந்த எண்ணிறந்த பண்டங்கள் பல நாட்டுக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம், இந்திய எள்ளில் இரண்டு சரக்குக்கு ஒன்று வீதம் துறைமுகத்திற் சோதிக்கப்பட வேண்டுமென்றும், சோதனைச் சான்றிதழ் கூடவே வர வேண்டுமென்றும் விதித்தது. புகையிட்டவர் வியாபாரி, ஆனால் சந்தேகம் படர்ந்தது இந்திய எள் முழுவதன் மீதும். சுத்தமான களத்தில் உதிர்த்த எள்ளுக்குப் புகையும் வேண்டியதில்லை, அதனால் வரும் அவப்பெயரும் இல்லை.

ஆகையால் உண்பதற்குரிய எள்ளையும் செக்குக்குரிய எள்ளையும் களத்திலேயே பிரித்து வைப்பது நல்லது. முதல் உதறலில் படுதாவின்மீது உதிர்ந்தது உண்பதற்கும், தரையிற் சிந்தியும் கடைசியாகக் கூட்டியும் சேர்ந்தது செக்குக்கும் போகலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு இரண்டையும் தனித்தனி மூட்டைகளில் கொண்டுசெல்ல வேண்டும். சுத்தமான எள்ளை நாடும் தின்பண்டக்காரர்களிடம் ஊரார் பலர் சேர்ந்து ஒரே தரமாக விற்பதால் பேரம் பேசும் வலிமையும் உண்டாகும்.

கிராம அதிகாரிகளும் ஊராட்சியாரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பல ஊர்களில் பொது உலர்களங்கள் இருந்தும், அவற்றில் ஆடுகள் அடைபடுவதும், எருக்குப்பை குவிக்கப்படுவதும், வண்டிகள் நிறுத்தப்படுவதும் சாதாரணம். இடமில்லாமல் எள்ளைத் தார்ச்சாலையில் விரிப்போர் மீது குறைகூறுமுன், களத்தை அவர்களுக்குக் காலிசெய்து கொடுக்க வேண்டும். மாசிப் பட்டத்து எள் வைகாசியில் களத்திற்கு வரும். அதற்கு முன் சித்திரை முடிவதற்குள் வெடிப்புகளைச் சிமெண்டுப் பூசி அடைத்து, சுற்றிலும் வேலியிட்டு, கழுவுவதற்கு அருகிலேயே நீர்க்குழாயும் அமைத்துவிட்டால், அவ்வாண்டு எள்ளுக்கும் பின் வரும் பயறுகளுக்கும் அக்களம் பயன்படும்.